எழுதிய உடன்படிக்கையைத் திருத்துவது எப்படி? — மேட்டூர் அணை கூறும் சாட்சியம்

கூட்டு வியாபாரத்தில் இறங்கியவர்கள், தாங்கள் ஒருமுறை கையொப்பமிட்டுக் கொடுத்த உடன்படிக்கைப் பத்திரத்தைப் பிற்காலத்தில் மாற்றிக்கொள்ளலாமா, மாற்றுவதானால் எவ்விதம் மாற்றுவது என்ற கேள்வி நமது வியாபாரிகளிடையே ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. இது வக்கீல்களுக்கு மட்டும் உரிய சில்லறை விஷயமென்று நமது வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் எத்தனையோ குடும்பங்களின் சோறும் மானமும் இந்த ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. தறியானாலும், லாரியானாலும், கோழிப்பண்ணையானாலும், திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியானாலும், ஒருவர் கைம்முதலால் மட்டும் நடப்பது குறைவு. மைத்துனனும் மாமனும், ஊர்க்காரரும் உடன் படித்தவரும், ஆளுக்கொரு பங்கு போட்டுத் தொழில் தொடங்குவதே இச்சமவெளியின் வழக்கம். பங்கு போடும்போது இருக்கும் மனம், பங்கு பிரிக்கும்போது இருப்பதில்லை. இதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை.

இவ்விஷயத்தில் ஜனங்களிடையே இருவிதமான அபிப்பிராயங்கள் உலவுகின்றன. எழுதினது எழுதினதுதான், அதில் ஓர் எழுத்தையும் அசைக்கக்கூடாது என்பது ஒரு கட்சி. நமக்குள் பத்திரம் எதற்கு, வாய்ப்பேச்சே போதும், காலத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு போவோம் என்பது மற்றொரு கட்சி. முதலாவது கட்சியார் தொழிலை மூச்சு முட்டச் செய்கிறார்கள். இரண்டாவது கட்சியார் உறவை மூச்சு முட்டச் செய்கிறார்கள். சட்டமும் அனுபவமும் இவ்விருவர் பக்கமும் இல்லை என்பதே நமது கருத்து.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். மூவர் சேர்ந்து ஒரு லாரித் தொழில் தொடங்குகிறார்கள் என்று கொள்வோம். முதல் போட்டவருக்கு 40 பங்கு, மற்ற இருவருக்கும் தலைக்கு 30 பங்கு என்று பத்திரம் எழுதி, மூவரும் கையொப்பமிடுகிறார்கள். மூன்று வருஷங்களுக்குப் பிறகு, இளையவரே இரவு பகல் பாராமல் வண்டிகளைக் கவனிப்பதைக் கண்டு, "இனி உனக்கு 40, எனக்கு 30" என்று மூத்தவர் பெருந்தன்மையோடு சொல்கிறார். எல்லோரும் காப்பி சாப்பிட்டுக் கலைகிறார்கள். பத்திரம் பெட்டியில் தூங்குகிறது. சில வருஷங்களில் மூத்தவர் காலமாகிறார். அவருடைய மனைவி பெட்டியைத் திறந்து, 40 பங்கு என்று எழுதியுள்ள பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருகிறார். இளையவர் பொய்யரல்லர், அந்த அம்மாளும் பேராசைக்காரரல்லர். எனினும் இருவரும் கோர்ட்டுப் படியேறுகிறார்கள். குற்றம் யாருடையது? பேசிய பேச்சை எழுதாமல் விட்ட அந்த மாலை நேரத்துடையதே என்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1932-ஆம் வருஷத்து இந்தியக் கூட்டு வியாபாரச் சட்டம் இவ்விஷயத்தில் மிகத் தெளிவாகவே பேசுகிறது. பங்காளிகள் தங்களுக்குள் உள்ள உரிமைகளையும் கடமைகளையும் உடன்படிக்கையால் நிர்ணயித்துக்கொள்ளலாம். அவ்வுடன்படிக்கையை எல்லாப் பங்காளிகளின் சம்மதத்தோடும் மாற்றிக்கொள்ளலாம். அச்சம்மதம் வெளிப்படையாக இருக்கலாம், நடவடிக்கையின் போக்கிலிருந்து ஊகிக்கப்படுவதாகவும் இருக்கலாம். இது அச்சட்டத்தின் 11-வது பிரிவு. ஆகவே, எழுதினதை மாற்றவே கூடாது என்று சொல்பவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் "எல்லாப் பங்காளிகளும்" என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்கவேண்டும். பத்திரமே வேறு வழி வகுத்திருந்தாலன்றி, மூவரில் இருவர் சேர்ந்துகொண்டு மூன்றாமவருடைய பங்கைக் குறைத்துவிட முடியாது.

அன்றாட நிர்வாகம் வேறு, அடிப்படை வேறு. எந்த ஊருக்கு வண்டி அனுப்புவது, யாரிடம் டயர் வாங்குவது என்பன போன்ற சாதாரண விஷயங்களில் பெரும்பான்மையோர் முடிவு செல்லும். அப்போதுங்கூட, முடிவு செய்வதற்குமுன் ஒவ்வொரு பங்காளிக்கும் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல உரிமையுண்டு. லாரித் தொழிலைக் கைவிட்டுக் கோழித் தீவன வியாபாரம் செய்வது என்று தொழிலின் தன்மையையே மாற்றுவதானால், எல்லோருடைய சம்மதமும் வேண்டும். புதிய பங்காளியைச் சேர்ப்பதற்கும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஒருவரை வெளியேற்றுவதோ இன்னும் கடினம். பத்திரத்திலேயே அதற்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்து, அவ்வதிகாரம் நேர்மையான எண்ணத்துடன் பிரயோகிக்கப்பட்டாலன்றி, எத்தனை பேர் கூடினாலும் ஒருவரை வெளியே தள்ள முடியாது. சிறுபான்மைப் பங்காளிக்குச் சட்டம் அளித்திருக்கும் பாதுகாப்பு இது. பலருக்கு இப்பாதுகாப்பு இருப்பதே தெரிவதில்லை.

பத்திரத்தில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன ஆகுமென்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். லாப நஷ்டம் சமபங்காகவே பிரியும். உழைப்பவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. பங்கு முதலுக்கு மேல் ஒருவர் கொடுத்த பணத்துக்கு வருஷத்துக்கு 6 சதவிகிதம் வட்டி. ஒரு பங்காளி இறந்தால், மாறான ஏற்பாடு இல்லாவிடில், கூட்டே கலைந்துபோகும். இருவரே உள்ள கூட்டில் ஒருவர் இறந்தால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் கூட்டு நிற்காது. ஒருவரே மிஞ்சினால் கூட்டு எங்கிருந்து வரும்? கால எல்லையும் முடிவுறும் வகையும் குறிப்பிடாத கூட்டை, எந்தப் பங்காளியும் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்துக் கலைத்துவிடலாம். பத்திரத்தில் விட்ட வெற்றிடத்தைச் சட்டம் நிரப்பிக்கொள்கிறது. அது நம் விருப்பப்படி நிரப்புமென்று நம்பியிருப்பது பேதைமை.

"நடவடிக்கையின் போக்கிலிருந்து ஊகிக்கப்படும் சம்மதம்" என்று மேலே கண்டோமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. நமது உதாரணத்தில் இளையவருக்கு உள்ள ஒரே ஊன்றுகோல் இதுதான். வருஷாவருஷம் 40 பங்கு அவர் பெயரில் வரவு வைக்கப்பட்டு, அந்தக் கணக்கில் மூத்தவரும் கையொப்பமிட்டிருந்தால், அவர் பிழைத்துக்கொள்வார். கணக்குப் புத்தகம் ஒன்று, வாய்ப்பேச்சு ஒன்று என்றிருந்தால் அவர் கதி அதோகதிதான். மௌனத்தைச் சம்மதமாக்குவதற்குச் சாட்சி வேண்டும். சாட்சி சொல்லவேண்டியவரோ மண்ணுக்குள் போய்விட்டார்.

ஓர் ஆறும் இரு பங்காளிகளும்

இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் உள்ளவை. எழுதிய உடன்படிக்கையைத் திருத்தும் வழியைச் சரியாக வகுக்காமற் போனால் என்ன விளையும் என்பதற்கு மேட்டூரிலேயே, 5,300 அடி நீளத்தில், கல்லாலும் சாந்தாலுமான ஒரு சாட்சி நிற்கிறது. வியாபாரக் கூட்டும் ராஜாங்க உடன்படிக்கையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒரே முதலை இருவர் பங்கிட்டுக்கொள்ள எழுதிய பத்திரம் என்ற அளவில் இரண்டும் ஒரே ஜாதி. இங்கே முதல் காவேரித் தண்ணீர். பங்காளிகள் மைசூரும் சென்னையும்.

முதற் பத்திரம் 1892-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ஆம் தேதி எழுதப்பட்டது. குறிப்பிட்ட எல்லைகளுக்குள் மைசூர் சமஸ்தானம் புதிய பாசன வேலைகளைத் தொடங்குவதானால், சென்னை சர்க்காருக்கு முன்கூட்டித் தெரிவித்து, அதன் சம்மதத்தைப் பெறவேண்டும் என்பது அதன் சாரம். 1910-ல் மைசூர் கண்ணம்பாடியில் ஒரு பெரிய அணைகட்ட யோசனை தெரிவித்தது. முழு அளவு 4,150 கோடி கன அடி, அதாவது 41.5 டி.எம்.சி. சென்னை 11 டி.எம்.சி. அளவுக்கே சம்மதித்தது. மைசூரோ, சம்மதம் பெற்ற சிறிய அணைக்குரிய அஸ்திவாரத்தை இடாமல், தான் விரும்பிய பெரிய அணைக்குரிய அகலத்திலேயே அஸ்திவாரம் போட்டது. இதைத்தான் வியாபாரத்தில், பத்திரத்தில் ஒன்றும் நடத்தையில் ஒன்றும் என்பார்கள். எழுத்தைத் தொடாமலே உடன்படிக்கையைத் திருத்தும் வழி இது. ஒரு பங்காளி இவ்வாறு அஸ்திவாரத்தை அகலப்படுத்தும்போது மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தால், நாளைக்கு அது சம்மதமென்று ஆகிவிடும். சென்னை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. விஷயம் மத்தியஸ்தத்துக்குப் போயிற்று.

அலஹாபாத் ஹைகோர்ட்டு நீதிபதி கிரிபின் மத்தியஸ்தராக இருந்து 1914-ல் தீர்ப்பளித்தார். இந்திய சர்க்கார் 1916-ல் அதை உறுதிசெய்தது. சென்னை ஒப்பவில்லை. லண்டனிலிருந்த இந்தியா மந்திரிவரை முறையிட்டது. விவகாரம் மறுபடியும் திறக்கப்பட்டது. கடைசியில், மூன்றாமவர் தீர்ப்பைக் காட்டிலும் தாமே உட்கார்ந்து பேசுவதே மேலென்று இரு பங்காளிகளும் கண்டுகொண்டார்கள். 1924-ஆம் வருஷம் அதே பிப்ரவரி 18-ஆம் தேதி புதிய உடன்படிக்கை கையொப்பமாயிற்று. மைசூர் தன் கிருஷ்ணராஜ சாகரத்தை 44.827 டி.எம்.சி. கொள்ளளவுக்குக் கட்டிக்கொள்ளலாம், அதன்மூலம் 1,25,000 ஏக்கரில் புதிதாகப் பாசனம் செய்யலாம். சென்னை மேட்டூரில் 93.5 டி.எம்.சி. கொள்ளளவுக்கு அணை கட்டிக்கொள்ளலாம், அதன்மூலம் 3,01,000 ஏக்கரில் புதிதாகப் பாசனம் செய்யலாம். இவ்வுடன்படிக்கை ஏற்பட்டதனால்தான் 1925-ல் மேட்டூரில் வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்டு 21-ஆம் தேதி அணை திறக்கப்பட்டு, அப்போதைய கவர்னர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு இடப்பட்டது. இன்று 120 அடி நிரம்பித் தளும்பும் தண்ணீரைப் பார்த்து வியப்பவர்கள், அதற்கடியில் ஒரு பத்திரமும் இருக்கிறது என்பதை நினைப்பதில்லை.

அந்தப் பத்திரம் பல விதங்களில் மெச்சத்தக்கது. இரு பங்காளிகளும் பிற்காலத்தில் செய்யக்கூடியவற்றை முன்கூட்டியே யோசித்து எழுதியது. மைசூர் உபநதிகளில் 45 டி.எம்.சி. வரை தேக்கிக்கொள்ளலாம் என்றது. பவானி, அமராவதி, நொய்யல் ஆறுகளில் சென்னை புதிய நீர்த்தேக்கம் கட்டினால், அதற்கு ஈடாக அதன் கொள்ளளவில் 60 சதவிகிதத்துக்கு மேற்படாமல் மைசூரும் தன் எல்லைக்குள் உபநதி ஒன்றில் கட்டிக்கொள்ளலாம் என்றது. ஒருவர் ஒன்று கூடுதலாக எடுத்தால் மற்றவருக்கு இவ்வளவு என்று விகிதம் வைத்தது. தகராறு நேர்ந்தால் மத்தியஸ்தத்துக்கு விடுவது என்றும் எழுதியது. எத்தனை கூட்டு வியாபாரப் பத்திரங்களில் இவ்வளவு முன்யோசனையைக் காண்கிறோம்?

எல்லாவற்றுக்கும் மேலாக, உடன்படிக்கையைத் திருத்துவதற்கே ஒரு ஷரத்து அதில் இருந்தது. கையொப்பமான தேதியிலிருந்து 50 வருஷங்கள் கழிந்தபின், குறிப்பிட்ட சில ஏற்பாடுகளை, அதுவரை கிடைத்த அனுபவத்தைக் கொண்டும், இரு பக்கத்திலும் பாசனத்தை மேலும் விரிவாக்க இடமுண்டா என்று ஆராய்ந்தும், மறுபரிசீலனை செய்யலாம் என்றும், இருவரும் சம்மதிக்கும் மாற்றங்களைச் செய்துகொள்ளலாம் என்றும் அது கூறியது. ஐம்பது வருஷத்துக்கு அப்பால் பார்த்து எழுதிய அந்த யோசனை நல்ல யோசனையே. ஆனால் அந்த ஷரத்து ஒரு கேள்விக்கு மட்டும் விடை கூறாமல் நின்றது. இருவரும் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது? மறுபரிசீலனை முடியும் வரையில் பழைய ஏற்பாடு செல்லுமா, செல்லாதா?

அந்த ஒரு வெற்றிடத்தின் வழியாகப் பிற்காலத்துத் துன்பமெல்லாம் உள்ளே புகுந்தது.

ஐம்பதாம் வருஷம்

காலம் ஓடிற்று. ராஜதானியும் சமஸ்தானமும் மறைந்தன. 1956-ல் ராஜ்யங்கள் மொழிவழி அமைந்தபின், பழைய பங்காளிகளின் இடத்தில் வாரிசுகள் வந்து அமர்ந்தார்கள். கேரளமும் புதுச்சேரியும் தமக்கும் பங்குண்டென்றன. கபினியிலும் ஹேமாவதியிலும் ஹாரங்கியிலும் அணைகள் எழுந்தன. தமிழ்நாடு 1971-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்து, பேச்சு வார்த்தையை நம்பி 1972-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1974 பிப்ரவரி வந்தது. ஐம்பது வருஷம் முடிந்தது.

மைசூரின் வாரிசாகிய கர்நாடகம், உடன்படிக்கையே முடிந்துவிட்டது என்றது. சென்னையின் வாரிசாகிய தமிழ்நாடு, சில ஏற்பாடுகள்தாம் பரிசீலனைக்கு வருகின்றன, உடன்படிக்கை நிற்கிறது என்றது. ஒரே பத்திரத்தை இருவரும் கையில் வைத்துக்கொண்டு இருவிதமாக வாசித்தார்கள். வியாபாரக் கூட்டுக்களில் தினந்தோறும் நடப்பதும் இதுவே. அந்நிய ஆட்சிக் காலத்தில், பலமுள்ளவர் பக்கமாய்ச் சாய்ந்து எழுதப்பட்ட பத்திரம் இது என்ற குறையையும் கர்நாடகம் நெடுநாள் கூறிவந்தது. கோர்ட்டு அக்குறையை ஏற்கவில்லை. ஆனாலும், கையொப்பமிட்டவருடைய மனத்தில் அப்படியொரு முள் தங்கிவிட்டால், ஷரத்துக்கள் எவ்வளவு நேராக இருந்தாலும் அந்தப் பத்திரத்துக்கு நிம்மதியில்லை என்பதை நாம் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சு வார்த்தைகள் வருஷக்கணக்காக நடந்தன, பயனில்லை. சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டபின் 1990 ஜூனில் காவேரி நடுவர் மன்றம் ஏற்பட்டது. 1991-ல் வருஷத்துக்கு 205 டி.எம்.சி. என்று இடைக்கால உத்தரவு பிறந்தது. 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி இறுதித் தீர்ப்பு வந்தது. ஆற்றின் மொத்த வளம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று மன்றம் பங்கு பிரித்தது. எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. வந்துசேர வேண்டும் என்றது. மேல் விசாரணையில் சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி அந்த 192-ஐ 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75 டி.எம்.சி. கர்நாடகத்துக்குச் சேர்ந்தது. 1924-ஆம் வருஷத்து உடன்படிக்கை செல்லத்தக்கதே, ஆனால் அது 1974-ல் முடிவுற்றது என்றும் அக்கோர்ட்டு கூறிற்று. ஆறு எந்தத் தனி ராஜ்யத்துக்கும் சொந்தமல்ல, நாடு முழுவதுக்கும் உரிய செல்வம் என்றும் கூறிற்று.

1974-லிருந்து 2018 வரையில் 44 வருஷங்கள். முதற்பகுதியில் பேச்சு, பிற்பகுதியில் வழக்கு. இடையில் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் பெங்களூரில் கலகம் நடந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் மதகு திறக்குமா என்று தஞ்சை விவசாயி வானத்தையும் பத்திரிகையையும் மாறிமாறிப் பார்த்திருந்த வருஷங்கள் எத்தனை! தண்ணீர் குறைந்த அவ்வருஷங்களில், நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய ஊர்களின் நினைவாகப் பண்ணவாடியில் நந்தியும் மாதாகோவிற் கோபுரமும் வெளியே தலைகாட்டும். உள்ளே மறைந்தவையெல்லாம் வறட்சியில் வெளியே வருகின்றன. கூட்டு வியாபாரத்திலும் அப்படியே. லாபம் நிரம்பியிருக்கும்போது பத்திரத்தின் குறைகள் ஒருவர் கண்ணுக்கும் படுவதில்லை. நஷ்ட வருஷம் வரட்டும், ஒவ்வொன்றாகத் தலைதூக்கும்.

வியாபாரிகள் கற்கவேண்டியவை

ராஜ்யங்களுக்கு நடுவர் மன்றமும், சுப்ரீம் கோர்ட்டும், 2018-ல் ஏற்பட்ட மேலாண்மை ஆணையமும் உண்டு. நாற்பது வருஷம் வழக்காடினாலும் ராஜ்யம் இருந்த இடத்தில் இருக்கும். நான்கு லாரி வைத்திருப்பவருக்கோ, எட்டுத் தறி போட்டிருப்பவருக்கோ அந்த வசதி உண்டா? நான்கு வருஷ வழக்கில் தொழில் போகும், ஆறு வருஷ வழக்கில் வீடு போகும். ஆகையால் சிறு வியாபாரி பெரிய ராஜ்யத்தைக் காட்டிலும் அதிக ஜாக்கிரதையுடன் இருக்கவேண்டியவர்.

முதலாவது, பத்திரத்தை எழுதும்போதே அதைத் திருத்தும் வழியையும் எழுதவேண்டும். இன்ன விஷயத்தை எல்லோரும் சேர்ந்துதான் மாற்றலாம், இன்ன விஷயத்தைப் பெரும்பான்மையோர் மாற்றலாம், இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்கவேண்டும், ஒத்துப்போகாவிட்டால் இன்னாரிடம் மத்தியஸ்தத்துக்கு விடவேண்டும், மத்தியஸ்தம் முடியும்வரை பழைய ஏற்பாடே செல்லும் என்று விளக்கமாக எழுதவேண்டும். 1924-ல் விடுபட்ட அந்தக் கடைசி இரண்டு வரிகளை நமது வியாபாரிகள் விட்டுவிடக்கூடாது.

இரண்டாவது, மாற்றம் செய்ய மனம் ஒத்தவுடனே அதை எழுத்தில் கொண்டுவர வேண்டும். பழைய பத்திரத்தில் பேனாவால் அடித்துத் திருத்துவது கூடவே கூடாது. ஒருவர் அறியாமல் முக்கியமான ஒரு சொல்லைத் திருத்தினால், பத்திரமே கெட்டுப்போகும் அபாயமுண்டு. தனியே ஒரு துணைப் பத்திரம் எழுதவேண்டும். மூலப்பத்திரத்தின் தேதி, மாறுகிற ஷரத்தின் எண், பழைய வாசகம், புதிய வாசகம், எந்தத் தேதியிலிருந்து மாற்றம் செல்லும், மற்ற ஷரத்துக்கள் முன்போலவே நிற்கும் என்பன எல்லாம் அதில் இருக்கவேண்டும். உரிய முத்திரைத்தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாப் பங்காளிகளும் கையொப்பமிட்டு, இரு சாட்சிகளை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளவேண்டும். பின் தேதியிட்டு எழுதி, முன் தேதியிலிருந்தே செல்லும் என்று சாமர்த்தியம் பண்ணுவது வேண்டாம். பத்திரத்தில் ஏற்பாடு இல்லாத காலத்துக்குப் பங்காளி வாங்கிய சம்பளத்தை வருமான வரி அதிகாரிகள் செலவாக ஒப்புக்கொள்வதில்லை.

மூன்றாவது, உள்ளே செய்த மாற்றத்தை வெளியே தெரிவிக்கவேண்டும். ஒரு பங்காளியின் அதிகாரத்தை நாம் நமக்குள் குறைத்துக்கொண்டாலும், அதை அறியாத வெளியாருக்கு அவர் செய்த காரியம் நிறுவனத்தைக் கட்டவே செய்யும். பங்காளிகள் மாறினால் ரிஜிஸ்திராருக்குத் தெரிவித்துப் பதிவில் ஏற்றவேண்டும். பதிவாகாத நிறுவனமும், பதிவில் பெயரில்லாத பங்காளியும், உடன்படிக்கையிலிருந்து எழும் உரிமையைக் கேட்டு வழக்குத் தொடுக்க முடியாதபடி 69-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்பது போன்ற சிலவற்றுக்கே அதில் விலக்குண்டு. புதிதாகச் சேர்ந்து லட்சக்கணக்கில் பணம் போட்டு, பதிவில் பெயர் ஏற்றாமல் இருப்பவர், கதவில்லாத வீட்டில் பெட்டியை வைத்தவருக்கு ஒப்பானவர். சரக்கு சேவை வரிப் பதிவிலும் பங்காளி மாறின செய்தியை 15 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். பங்குவிகிதம் மாறினால் திருத்திய பத்திரத்தின் பிரதியை வருமான வரிக் கணக்கோடு சேர்க்கவேண்டும். பாங்கியில் ஜாமீன் நின்றவருக்கும் தெரிவிக்கவேண்டும். வேறு ஏற்பாடு இல்லாவிடில், கூட்டின் அமைப்பு மாறியதும் மேற்கொண்டு நடப்பவற்றுக்கு அந்தத் தொடர் ஜாமீன் செல்லாது.

விலகுகிற பங்காளிக்கு இது இன்னும் முக்கியம். பதிவான நிறுவனத்திலிருந்து விலகுகிறவர், ரிஜிஸ்திராருக்கு அறிவிப்பதோடு, சர்க்கார் கெஜட்டிலும், அந்த ஜில்லாவில் உலவும் தாய்மொழிப் பத்திரிகை ஒன்றிலாவது விளம்பரம் செய்யவேண்டும் என்பது சட்டம். விளம்பரம் செய்யும்வரை, போனவர் போகாதவராகவே வெளியாரால் கருதப்படலாம், பின்வந்த கடன்களுக்கும் அவரைப் பிடிக்கலாம். ஊர் அறிய எழுதி, ஊர் அறியப் பிரியவேண்டும் என்ற நமது பழைய வழக்கத்தையே சட்டம் கெஜட்டிலும் பத்திரிகையிலும் போட்டுச் சொல்கிறது.

கணக்குக் கேட்பதும் எழுதச் சொல்வதும் சந்தேகத்தின் அடையாளம் என்ற ஒரு தப்பெண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. "என்மேல் நம்பிக்கையில்லையா?" என்ற ஒரு வாக்கியம் இச்சமவெளியில் எத்தனை பேனாக்களை மூடவைத்திருக்கிறது! பங்காளி என்ற சொல் நமது ஊர்களில் தொழில் கூட்டாளியையும் குறிக்கும், தாயாதியையும் குறிக்கும். தாயாதிகளிடையே நிலத்தை அளந்து கல் நடுவது பகையினால் அல்ல, பகை வராதிருப்பதற்காகவே. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு. நம்பிக்கை உள்ளபோதே எழுதிக்கொள்ளவேண்டும். நம்பிக்கை போனபின் எழுத யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

நமது உதாரணத்துக்குத் திரும்புவோம். மூத்தவர் தம் பங்கைக் குறைத்துக்கொண்டு இளையவர் உழைப்புக்கு மதிப்பளித்த அந்தச் செயல் மிகவும் உயர்ந்தது. அந்தப் பெருந்தன்மை ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று கையெழுத்துக்களோடு பதிந்திருந்தால், அவர் போனபிறகும் அது பேசியிருக்கும். அவருடைய மனைவிக்குத் தமது 30 பங்கு எவ்வளவு என்று தெரிந்திருக்கும். இளையவருக்குத் தம் 40 பங்கைக் கேட்க வெட்கப்படவேண்டியிருக்காது. எழுதாமல் விட்டதனால் ஒரு நல்ல மனிதருடைய வார்த்தை அவரோடு புதைந்துபோயிற்று, இரண்டு குடும்பங்கள் முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டன.

காவேரிப் பங்கீட்டைத் தன் தீர்ப்பின்படி 15 வருஷத்துக்கு மாற்றக்கூடாதென்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு நிர்ணயித்தது. அந்தக் கெடுவும் ஒருநாள் முடியும். மறுபடியும் பங்காளிகள் உட்காரவேண்டிய நாள் வரும். 1974-ல் நின்றதுபோல் வெறுங்கையோடும் இருவேறு வாசகங்களோடும் அன்று நிற்கக்கூடாதென்று பொது வாழ்வில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்கள் இப்போதே யோசிப்பது நலம். வியாபாரத்தில் ஈடுபட்டுள்ளவர்களோ அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. இன்றிரவே பெட்டியைத் திறந்து, தங்கள் பத்திரத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். அதில் எழுதியிருப்பதும் தாங்கள் நடத்துவதும் ஒன்றாக இல்லாவிட்டால், நாளைக் காலையில் பங்காளிகளை அழைத்து உட்காரவைத்து எழுதிவிடட்டும். எல்லோரும் உயிரோடும் சிநேகத்தோடும் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை அது.